சிக்கிள் செல் வலிக்கு மார்ஃபின் வகை இல்லாமல் சமாளிக்க முடியுமா?

கேள்வி, 11.06.2024

என் மகனுக்கு 14 வயது. ஒன்றரை வயதில் கையும் காலும் வீங்கியபோது சிக்கிள் செல், அதாவது ரத்தச் சிவப்பணு அரிவாள் மாதிரி வளைந்து குழாயில் சிக்கிக்கொள்ளும் பரம்பரை நோய், என்று கண்டுபிடித்தார்கள். அப்பா வழி, அம்மா வழி இரண்டிலும் வந்த எஸ்எஸ் வகை. மழை தொடங்கினால் போதும், தொடையும் முதுகும் பிடித்துக்கொண்டு துடிக்கிறான். இங்கே பாராசிட்டமாலும் இபுபுரூஃபெனும் கொடுத்து, குளுக்கோஸ் ஏற்றி அனுப்புகிறார்கள். லண்டனில் இருக்கும் சொந்தக்காரர், "இதற்கு இங்கே மார்ஃபின் போடுவார்கள், உங்களை ஏமாற்றுகிறார்கள்" என்கிறார். எனக்கோ மார்ஃபின் என்ற பேரைக் கேட்டாலே வயிற்றைக் கலக்குகிறது. அந்த வகை இல்லாமலே ஓட்ட முடியுமா? வலியை அனுபவித்தவர்கள் சொல்லுங்கள்.

11.06.2024, இரவு 11.20

முடியும். நானே சாட்சி. வயது 43, எஸ்எஸ், பந்தலூர் பக்கம் தேயிலை ஃபேக்டரியில் பச்சை இலைக் கணக்கு எழுதுகிறேன். ஒரே ஒரு தடவை ஆஸ்பத்திரியில் போட்டதைத் தவிர மார்ஃபின் மாதிரியான அபினி வகை எதையும் தொட்டதில்லை. நூறு தடவை வலி வந்தால் தொண்ணூறு தடவை வீட்டிலேயே அடக்கிவிடுவேன்.

என் முறை இதுதான். வலி கிளம்பும்போதே பிடிக்க வேண்டும். பாராசிட்டமால் 650, ஒரு சொம்பு வெந்நீர், கம்பளி. அரை மணி, முக்கால் மணியில் அடங்கவில்லை என்றால் ஏதாவது சாப்பிட்டுவிட்டு டைக்ளோஃபெனாக் 50. இரண்டும் வேறு வேறு வழியில் வேலை செய்பவை, அதனால் சேர்ந்து போகும். பாராசிட்டமாலை ஆறு மணி நேரத்துக்கு ஒரு தடவை கடிகாரம் பார்த்துப் போட வேண்டும். வலி உச்சிக்கு ஏறிய பிறகு மாத்திரையைத் தேடினால் வேலைக்கு ஆகாது. பையனுக்கும் 650 கொடுங்கள்.

லண்டன்காரர் சொல்வது பொய் இல்லை. ஆஸ்பத்திரி வாசலை மிதித்த 30 நிமிடத்துக்குள் வலிமருந்து கொடுக்க வேண்டும், கடும் வலி என்றால் மார்ஃபின் போன்றதைக் கொடுக்க வேண்டும் என்று 2012-லேயே அங்கே வழிகாட்டுதல் போட்டுவிட்டார்கள். ஆனால் அதே வழிகாட்டுதல் கூடவே பாராசிட்டமாலும் இபுபுரூஃபென் வகையும் கொடுக்கச் சொல்கிறது. அதை அவர் சொல்லியிருக்க மாட்டார்.

12.06.2024, காலை 6.05

மேலே "பையனுக்கும் 650" என்று எழுதியது தப்பு. தூக்கக் கலக்கத்தில் என் கணக்கை அவன் தலையில் கட்டிவிட்டேன். குழந்தைகளுக்கு எடைதான் கணக்கு. பாராசிட்டமால் ஒரு வேளைக்கு ஒரு கிலோவுக்கு 15 மில்லிகிராம். பையன் 32 கிலோ என்று கேள்வி கேட்ட அக்கா பதில் போட்டிருக்கிறார், அப்படியானால் 480. 500 மாத்திரை ஒன்று, ஒரு நாளைக்கு நாலு வேளைக்கு மேல் கூடாது. இபுபுரூஃபென் எவ்வளவு என்பதை அவனைப் பார்க்கும் டாக்டரிடம் எழுதி வாங்கி அலமாரிக் கதவில் ஒட்டிவிடுங்கள். நடு ராத்திரியில் யாருக்கும் பெருக்கல் வராது.

இன்னொன்று. கடையில் "உடம்பு வலிக்கு" என்று கேட்டால் தரும் மாத்திரைகள் பலவற்றில் அசிக்குளோஃபெனாக்கோடு பாராசிட்டமாலும் கலந்திருக்கும். அது தெரியாமல் மேலே தனியாகப் பாராசிட்டமாலும் போட்டால் கல்லீரலுக்கு இரட்டிப்புச் சுமை. அட்டையின் பின்பக்கத்துப் பொடி எழுத்தைப் படித்துவிட்டுப் போடுங்கள்.

12.06.2024, மதியம்

தெர்மாமீட்டரை மறந்தே போனேன். மாத்திரைக்கு முன்னால் காய்ச்சல் பாருங்கள். பாராசிட்டமால் வலியோடு சேர்த்துக் காய்ச்சலையும் மறைத்துவிடும். சிக்கிள் செல் உள்ள எங்கள் ஆட்களுக்கு மண்ணீரல் சின்ன வயதிலேயே செயலிழந்துவிடுவதால் கிருமி ரத்தத்தில் சுலபமாகப் பரவும். 101-ஐத் தாண்டினாலோ, நெஞ்சு வலி, மூச்சிரைப்பு இருந்தாலோ வீட்டு வைத்தியப் பேச்சே வேண்டாம், வண்டியைப் பிடியுங்கள். மேலே நான் எழுதியது எல்லாம் பழகிய இடத்தில் பழகிய மாதிரி வரும் வலிக்கு மட்டும்.

14.06.2024

நர்ஸ் ஒருவர் கீழே என்னை மடக்கியிருக்கிறார். "வலி ரொம்ப முற்றினால் டிராமடால் கலந்த மாத்திரை போடுவேன்" என்று பதிலில் ஓர் இடத்தில் சொல்லியிருந்தேன். டிராமடாலே அபினி வகைதான் என்கிறார் அவர்.

நம்பவில்லை. மருந்துக்கடைத் தம்பியிடம் போய்க் கேட்டேன். ஆமாம் அண்ணா, 2018 ஏப்ரலில் போதை மருந்துச் சட்டத்தின் கீழ் கொண்டுவந்துவிட்டார்கள், அதனால்தான் ஒவ்வொரு தடவையும் உங்களிடம் சீட்டு கேட்கிறேன் என்றான். நான் அவனுக்கு என் மேல் சந்தேகம் என்று நினைத்து இத்தனை நாள் முறைத்துக்கொண்டிருந்தேன்.

ஆக, "அபினி வகையைத் தொட்டதில்லை" என்ற என் முதல் வாக்கியம் செல்லாது. மூன்று வருஷமாகத் தொட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறேன், பேர் தெரியாமல். ஊரில் யார் வீட்டிலாவது மார்ஃபின் பற்றிப் பேச்சு வந்தால் "அதெல்லாம் நமக்கு வேண்டாம்" என்று அறிவுரை சொன்ன ஆள் நான். மார்ஃபினை விட வலு குறைவுதான், ஆனாலும் குடும்பம் அதே குடும்பம். வலிப்பு வரக்கூடியவர்களும் மனச்சோர்வு மாத்திரை சாப்பிடுகிறவர்களும் டாக்டரைக் கேட்காமல் அதைத் தொடக் கூடாது என்கிறார் நர்ஸ்.

15.06.2024

என் டிராமடால் கதைக்குச் சிரித்தது போதும், அடுத்ததுக்கு வாருங்கள்.

19.06.2024, இரவு

டிராமடாலுக்கு எப்படி வந்து சேர்ந்தேன் என்று ஒருவர் கேட்டிருக்கிறார். 11-ம் தேதி எழுதியதைப் படித்தால் நான் இன்னமும் டைக்ளோ போடுகிற மாதிரித் தோன்றும். இல்லை. 2021-ல் நிறுத்தியாச்சு. அதை ஏன் முதலிலேயே எழுதவில்லை என்று யோசித்தேன். வீம்புதான். "நான் சமாளித்தேன்" என்று சொல்ல நன்றாக இருந்தது, என்ன விலை கொடுத்தேன் என்று சொல்ல நன்றாக இல்லை.

இருபது வருஷம் டைக்ளோ போட்டிருக்கிறேன். மழைக்காலம் முழுக்க ஃபேக்டரி மேசை டிராயரில் ஒரு அட்டை கிடக்கும். வேலைக்கு லீவு கிடையாது, வலி என்று சொன்னால் நேற்று நன்றாகத்தானே இருந்தாய் என்பார்கள். மாத்திரையைப் போட்டுக்கொண்டு தராசுக்கு முன்னால் உட்கார்ந்துவிடுவேன். 2021-ல் வேறு எதற்கோ சோதனைக்குப் போனபோது டாக்டர் மூத்திரத்தில் ஆல்புமின் என்ற புரதம் போகிறதா என்று பார்க்கச் சொன்னார். நிறைய போயிருந்தது. நான் உடனே கிரியேட்டினின் (சிறுநீரகம் எப்படி என்று ரத்தத்தில் பார்ப்பது) 0.7, நார்மல் என்று எழுதியிருந்த தாளைக் காட்டினேன். அவர் அதை ஓரமாக வைத்துவிட்டார். எங்களுக்குச் சிறுநீரகம் சின்ன வயதில் தேவைக்கு மேல் வேலை செய்வதால் கிரியேட்டினின் இயல்பாகவே குறைவாகத்தான் இருக்குமாம். அது ஏறித் தெரியும் நேரத்தில் பாதிச் சிறுநீரகம் போயிருக்கும். முதலில் காட்டிக்கொடுப்பது ஆல்புமின்தான்.

காரணம் அவர் சொன்னபடி: சிறுநீரகத்தின் உட்பகுதியில் ஆக்சிஜன் குறைவு, உப்பு அதிகம். எங்கள் ரத்த அணு வளைந்து சிக்கிக்கொள்ள அதைவிடத் தோதான இடம் உடம்பிலேயே இல்லை. அங்கே போகும் ரத்தக்குழாயைத் திறந்து வைத்திருக்கும் பொருளைத்தான் டைக்ளோ, இபுபுரூஃபென், நாப்ராக்சன், கீட்டோரோலாக் எல்லாம் தடுக்கின்றன. வலியும் வீக்கமும் குறைவதும் அதே தடுப்பால்தான். நல்லதும் கெட்டதும் ஒரே குழாயில் வருகிறது. வாந்தி, பேதி, தண்ணீர் குடிக்காமல் வறண்டு கிடக்கும் நேரம் என்றால் ஆபத்து இன்னும் கூடும். வலி வரும் நாளில் நாம் அப்படித்தானே கிடக்கிறோம்?

டைக்ளோ போனது. அதன் இடத்தில் டிராமடால் வந்தது. இவ்வளவுதான் கதை.

பையனுக்கு இபுபுரூஃபென் கொடுக்காதீர்கள் என்று சொல்லவில்லை. அமெரிக்க ரத்தவியல் சங்கம் 2020-ல் போட்ட வழிகாட்டுதலே, கடும் வலி வரும்போது இந்த வகையை ஐந்து முதல் ஏழு நாள் வரை மற்ற மருந்தோடு சேர்த்துக் கொடுக்கலாம் என்கிறது. ஐந்து நாள் வேறு, டிராயரில் அட்டை வேறு.

20.06.2024

வெறும் வயிற்றில் கொடுக்காதீர்கள் என்று எழுத விட்டுப்போச்சு. ஆஸ்பிரின் பையன்களுக்கு வேண்டவே வேண்டாம். காய்ச்சலோடு சேர்ந்தால் மூளையையும் கல்லீரலையும் தாக்கும் நோய் ஒன்று குழந்தைகளுக்கு வரக்கூடும்.

23.06.2024

தேவாலாவில் மூன்று நாளாக விடாமல் கொட்டுகிறது. எனக்கு இடது இடுப்பு. மருந்து பற்றித்தான் கேட்டீர்கள், ஆனாலும் ஒத்தடத்தை மருந்துப் பட்டியலில்தான் சேர்ப்பேன். அம்மா இருந்தவரை தவிட்டை இரும்புச் சட்டியில் வறுத்துத் துணியில் முடிந்து ஒத்துவாள். உப்பையும் வறுக்கலாம், ஆனால் உப்பு சீக்கிரம் ஆறிவிடும், தவிடு நின்று சூடு தரும். இப்போது மின்சாரச் சூட்டுப்பை. கரண்ட் இருந்தால்.

ஐஸ் மட்டும் கூடாது. விளையாட்டு வாத்தியார்களுக்கு எதற்கெடுத்தாலும் ஐஸ்தான். குளிரில் ரத்தக்குழாய் சுருங்கினால் ஏற்கெனவே சிக்கிய அணு இன்னும் சிக்கும். பள்ளியில் சொல்லி வையுங்கள் அக்கா.

24.06.2024

ஊசிதான் கெட்டி என்று ஒருவர். டைக்ளோவை ஊசியில் போட்டாலும் டைக்ளோதான், சிறுநீரகத்துக்கு வித்தியாசம் தெரியாது. அதோடு சில இடங்களில் டெக்ஸா என்ற ஸ்டீராய்டு ஊசியையும் சேர்த்துப் போட்டுவிடுகிறார்கள். எனக்கும் ஒரு கிளினிக்கில் போட்டார்கள். அன்றைக்குத் துள்ளி எழுந்து வீட்டுக்கு வந்தேன், நாலாம் நாள் முன்பைவிடக் கடுமையாகத் திரும்பியது. ஸ்டீராய்டு நிறுத்தியதும் வலி திரும்பி அடிப்பது தெரிந்த விஷயம்தானாம். வெறும் வலிக்கு அது வேண்டாம் என்றுதான் அந்த 2020 வழிகாட்டுதலிலும் இருக்கிறது.

02.07.2024

இழை திசைமாறுகிறது என்று தெரியும், ஆனாலும் ரத்தம் ஊற முருங்கைக்கீரை சாப்பிடச் சொன்னவருக்குப் பதில் சொல்லியே ஆக வேண்டும். எங்கள் வீட்டு முருங்கை மரம் என்னைப் பார்த்தாலே இலையை மறைத்துக்கொள்ளும், அந்த அளவுக்கு மொட்டையடித்திருக்கிறார்கள். ரத்த சோகை என்றதும் பேரீச்சம்பழம், இரும்பு டானிக், பீட்ரூட். எங்கள் சோகை இரும்புச் சத்துக் குறைவால் வருவது இல்லை. அணு 120 நாள் வாழ வேண்டியது, எங்களுக்குப் பத்து இருபது நாளிலேயே உடைந்துபோகிறது. உடைந்த அணுவின் இரும்பு உடம்பிலேயே தங்கும், ரத்தம் ஏற்றிக்கொள்கிறவர்களுக்கு அது மிஞ்சிப் போவதுதான் பிரச்சினை. கீரை சாப்பிடலாம், ருசிக்கு. டாக்டர் கொடுப்பது ஃபோலிக் ஆசிட் என்ற வைட்டமின் மாத்திரை, அது வேறு.

கண் மஞ்சளாக இருப்பதும் அணு உடைவதால்தான். என் சித்தி ஒவ்வொரு வருஷமும் கீழாநெல்லி அரைத்துக் கொண்டுவருவாள். வாங்கி வைத்துக்கொள்வேன், சித்தி அல்லவா.

"இது ஆப்பிரிக்கா நோய், நமக்கு எப்படி?" என்றவருக்கு: 1910-ல் சிகாகோவில் ஒரு கிரெனடா தீவு மாணவரின் ரத்தத்தில் முதலில் எழுதி வைத்தார்கள், சரி. ஆனால் 1952-ல் லேமன், கட்புஷ் என்ற இரண்டு பேர் இந்தியாவில் இதைக் கண்டது எங்கே தெரியுமா? நம் நீலகிரியில், ஆதிவாசிகளிடம். பணியர், இருளர், குறும்பர் மட்டும் இல்லை, நாங்கள் வயநாடன் செட்டிகளும் இந்தப் பங்காளிக் கூட்டத்தில் உண்டு. மலேரியா ஊர்களில் ஒரு பக்கத்து மரபணு மட்டும் உள்ளவன் பிழைத்துக்கொண்டான். இரண்டு பக்கமும் கிடைத்தவன் இங்கே உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கிறான்.

09.07.2024, இரவு

அந்த ஒரு தடவை மார்ஃபின் கதை. தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன்.

2019 ஜனவரி. ஊட்டியில் ஒரு கல்யாணம். உறைபனிக் காலத்தில் நான் மேலே போகவே கூடாது, போனேன். பஸ் நடுவட்டம் தாண்டும்போதே விரல் நுனியெல்லாம் குத்த ஆரம்பித்தது. கல்யாணச் சாப்பாடு சாப்பிட்டேனா என்று நினைவில்லை. மறுநாள் முதுகு, விலா, நெஞ்சு. பாராசிட்டமால், டைக்ளோ, ஒத்தடம், வெந்நீர், என் முறை முழுவதும் செய்து பார்த்தேன். இரண்டு நாள் வீணாய்ப் போனது. மூச்சு பாதியில் நின்றபோதுதான் கீழே ஒரு நகரத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். வளைந்த அணு நுரையீரலில் சிக்கியிருந்தது. எங்கள் ஆட்களை அதிகம் கொல்வது அதுதான்.

அங்கே இரண்டரை மணி நேரம் படுக்கையில் கிடந்தேன். வலி மருந்து கேட்டபோது இளைய டாக்டர் ஒருவர் கேட்டது: "எத்தனை நாளாகப் பழக்கம்?" நான் வாழ்க்கையில் பீடி கூடக் குடித்ததில்லை. பேச மூச்சில்லாததால் சண்டை போடவில்லை. அப்புறம் மயக்க மருந்து டாக்டர் ஒரு அம்மா வந்தார். பார்த்த உடனே மார்ஃபின். கூடவே மிகக் குறைந்த அளவில் கீட்டமைன் டிரிப், பாராசிட்டமால் நரம்பு வழியாக. கீட்டமைன் அபினி வகை இல்லை, மார்ஃபின் குறைவாகப் போதும்படி கைகொடுக்கும் என்றார். கைகொடுத்தது. ராத்திரி முழுக்கச் சீலிங் ஃபேன் என்னிடம் தேயிலைக் கணக்கு கேட்டுக்கொண்டிருந்தது, அது வேறு விஷயம். மூன்று பந்து உள்ள பிளாஸ்டிக் கூண்டு ஒன்றைக் கொடுத்து மணிக்குப் பத்துத் தடவை மூச்சை இழுத்துப் பந்தை ஏற்றச் சொன்னார்கள். வலிக்குப் பயந்து மேலோட்டமாக மூச்சு விட்டாலும், மார்ஃபின் தூக்கத்தில் மூச்சு குறைந்தாலும் நுரையீரல் இன்னும் அடைக்குமாம்.

நாலாம் நாள் மார்ஃபினை நிறுத்தினார்கள். கேட்டு அழவில்லை, கை நடுங்கவில்லை. மலச்சிக்கல் ஒன்றுதான் மிஞ்சியது.

அமெரிக்காவில் அபினி மாத்திரைகளை அள்ளிக் கொடுத்து ஊரே கெட்டுப்போனதால் இப்போது எதற்கும் அது இல்லாத மருந்தைத் தேடுகிறார்கள். நியாயம். நம் கதை நேர்மாறானது. நீமச்சிலும் காஜிப்பூரிலும் அரசாங்கமே அபினித் தொழிற்சாலை நடத்தும் நாடு இது. ஆனால் 1985 போதை மருந்துச் சட்டத்துக்குப் பயந்து ஆஸ்பத்திரிகள் மார்ஃபினை வாங்கி வைப்பதையே விட்டுவிட்டன. 2014-ல் சட்டத்தைத் தளர்த்தியும் பழக்கம் மாறவில்லை. பக்கத்தில் கேரளாவில் 1993-லிருந்து கோழிக்கோட்டில் டாக்டர் ராஜகோபாலும் கூட இருந்தவர்களும் புற்றுநோய்க்காரர்களுக்கு மார்ஃபின் கொடுத்து வழிகாட்டியும், மலைக்கு இந்தப் பக்கம் நாம் பாராசிட்டமாலோடு நின்றோம். அதைப் பெருமையாக வேறு சொல்லிக்கொண்டோம். நான் சொன்னேன்.

10.07.2024

நேற்று எழுதியதைப் படித்து அக்கா பயந்துபோயிருப்பார். பையனுக்கு மார்ஃபின் தேவைப்படும் நாள் வராமலே போகலாம். வந்தால் தடுக்காதீர்கள், அவ்வளவுதான்.

04.08.2024

இத்தனை நாள் எழுதியதில் முதலில் எழுதியிருக்க வேண்டியதைக் கடைசியில் எழுதுகிறேன். ஹைட்ராக்ஸியூரியா. இது வலி மாத்திரையே இல்லை. வலிக்கும்போது விழுங்கினால் ஒன்றும் நடக்காது.

தாய் வயிற்றில் இருக்கும்போது நமக்கு வேறு வகை ஹீமோகுளோபின் இருக்கும், அது வளையாது. அதனால்தான் ஆறு மாதம் வரை குழந்தைக்கு ஒன்றும் தெரிவதில்லை, அப்புறம் கை கால் வீங்குகிறது. இந்த மருந்து அந்தக் குழந்தைப் பருவத்து ஹீமோகுளோபினை மறுபடி கூட்டுகிறது. 1995-ல் அமெரிக்காவில் 299 பெரியவர்களிடம் சோதித்தார்கள். வருஷத்துக்கு 4.5 என்று இருந்த கடும் வலி 2.5 ஆனது. நாக்பூரில் குழந்தைகளுக்குக் கிலோவுக்கு 10 மில்லிகிராம் என்ற குறைந்த அளவில் கொடுத்தும் நல்ல பலன் பார்த்திருக்கிறார்கள்.

எனக்கு 2016-லேயே எழுதிக் கொடுத்தார்கள். இரண்டு மாதம் சாப்பிட்டேன், ஒன்றும் தெரியவில்லை, புற்றுநோய் மருந்து என்று வேறு யாரோ சொன்னார்கள், நிறுத்திவிட்டேன். அது பிடிக்கவே மூன்றிலிருந்து ஆறு மாதம் ஆகும் என்று யாரும் உட்கார வைத்துச் சொல்லவில்லை. சொன்னார்களோ என்னவோ, நான் கேட்கவில்லை. 2019 நெஞ்சுக் கதைக்குப் பிறகு மறுபடி தொடங்கினேன். வருஷத்துக்கு ஆறேழு தடவை படுத்தவன் இப்போது ஒன்று, இரண்டு. நகம் கறுத்துவிட்டது. மாமியார் மட்டும் கவனித்தார்.

ரத்த அணு எண்ணிக்கை தொடக்கத்தில் சில வாரத்துக்கு ஒரு தடவை, அப்புறம் இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு தடவை பார்த்தே ஆக வேண்டும். வெள்ளை அணு குறையலாம். கர்ப்பமாக இருப்பவர்களுக்குக் கூடாது, குழந்தை பெற நினைப்பவர்கள், ஆண்களும்தான், முன்கூட்டியே டாக்டரிடம் பேச வேண்டும்.

வலி மாத்திரைகளை வைத்துக் கணக்குப் போட்ட வருஷங்களில் இதைச் சாப்பிட்டிருந்தால் சிறுநீரகம் தப்பியிருக்குமோ என்று நினைப்பதுண்டு. நினைத்து என்ன.

27.09.2024

சிக்கிள் செல்லுக்கான வாக்செலோட்டர் என்ற புது மருந்து கிடைக்குமா என்று ஆகஸ்டில் கேட்டவருக்கு: நேற்று முன்தினம் அந்தக் கம்பெனியே உலகம் முழுக்கத் திரும்பப் பெற்றுக்கொண்டது. சாப்பிட்டவர்களிடம் வலியும் இறப்பும் கூடுதலாகத் தெரிந்ததாம். 2019-ல் அமெரிக்காவில் அனுமதி வாங்கிய மருந்து. ஹீமோகுளோபின் எண்ணை ஏற்றியது, வலியைக் குறைத்ததாக அப்போதே காட்டவில்லை. புது மருந்து கிடைக்காத ஏழை என்று நம்மை நினைத்துக்கொள்வதில் ஒரு நாள் லாபமும் உண்டு.

17.11.2024

அன்றாட வலி பற்றி இரண்டு பேர் கேட்டிருக்கிறீர்கள். திடீரென்று வரும் வலியும் இதுவும் வேறு. என் இடது இடுப்பு எலும்பின் தலைப்பகுதி ரத்தம் கிடைக்காமல் செத்துவிட்டது, எம்ஆர்ஐயில் பார்த்தது. அது தினமும் வலிக்கும், மழை வெயில் பார்க்காது. இதற்கு டிராமடாலைத் தினமும் போட்டுப் பார்த்தேன். முதல் மாதம் ஒன்று போதும், நாலாம் மாதம் மூன்று. வலி குறைந்த மாதிரி இல்லை. ஜூனில் நர்ஸ் மடக்கிய பிறகு டாக்டரிடம் போய் உண்மையைச் சொன்னேன். சட்டென்று நிறுத்தாமல் படிப்படியாகக் குறைத்தார், முழுதாக நின்ற பிறகுதான் டுலாக்செட்டின் தொடங்கினார்.

மருந்துக்கடைத் தம்பி ஏற இறங்கப் பார்த்தான். மனச்சோர்வுக்குக் கொடுக்கும் மாத்திரை. வலியை மூளைக்குக் கொண்டுபோகும் வழியில் மேலிருந்து ஒரு தடுப்பு உண்டு, அதை இது பலப்படுத்துமாம். முதல் வாரம் குமட்டல். ஆறாவது வாரத்தில் ஒரு நாள் மாடிப்படி ஏறி முடித்த பிறகுதான் இடுப்பைப் பிடிக்காமல் ஏறினேன் என்று உறைத்தது. இதற்கு முன்னால் பிரீகாபலின் என்ற நரம்பு வலி மாத்திரை பார்த்தேன், எனக்குத் தலைசுற்றல்தான் மிச்சம், கணக்கில் 68 கிலோவை 86 என்று எழுதி ஒரு சிறு விவசாயிக்கு அதிர்ஷ்டம் அடித்தது. உங்களுக்குச் சரிப்படலாம்.

இடுப்பை மாற்ற வேண்டும் என்கிறார்கள். அதற்கு மாத்திரை இல்லை. இந்த இடுப்பை நீவி விட்டால் சரியாகும் என்று எண்ணெயோடு வருகிறவர்களை வாசலிலேயே காப்பி கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

03.02.2025

செய்தி பார்த்தீர்களா? அபினி வகை இல்லாத புது வலி மாத்திரைக்குப் போன வாரம் அமெரிக்காவில் அனுமதி. சுசெட்ரிஜின். மூளைக்குப் போகாமல், வலியைக் கடத்தும் நரம்பிலேயே ஒரு சோடியம் வாசலை அடைக்கிறது. அதனால் பழக்கமாகாது என்கிறார்கள். குதித்தேன், அப்புறம் படித்தேன். சோதித்தது கால் பெருவிரல் எலும்பு அறுவையிலும் வயிற்றுத் தொப்பை அறுவையிலும். நம் வலியில் இல்லை. அதுவும் பெரியவர்களுக்கு, திடீர் வலிக்கு, கொஞ்ச நாளைக்கு. ஒரு மாத்திரை 15.50 டாலர், நம் காசுக்கு ஆயிரத்து முந்நூறு ரூபாய்க்கு மேல். அதே வெர்டெக்ஸ் கம்பெனிதான் சிக்கிள் செல்லுக்கு மரபணுச் சிகிச்சையும் விற்கிறது, 22 லட்சம் டாலருக்கு. ஃபேக்டரியை விற்றாலும் வராது.

16.02.2025

அக்கா பதில் போட்டிருக்கிறார். பையனுக்கு செப்டம்பரில் ஹைட்ராக்ஸியூரியா தொடங்கியாச்சு. டிசம்பர் குளிரில் ஒரே ஒரு தடவை வலி, இரண்டு நாளில் அடங்கியதாம். பாராசிட்டமால் ஐந்து வேளை, இபுபுரூஃபென் இரண்டு வேளை என்று நோட்டில் குறித்து வைத்திருக்கிறார். என்னைவிடக் கெட்டிக்காரர்.

ஆனால் பள்ளியில் தண்ணீரே குடிப்பதில்லையாம். குடித்தால் அடிக்கடி ஒன்றுக்குப் போக வேண்டும், வாத்தியார் ஒரு பீரியடுக்கு ஒரு தடவைதான் விடுவார். எங்கள் சிறுநீரகத்துக்குத் தண்ணீரைச் சேமிக்கத் தெரியாது, குடிக்காவிட்டாலும் போய்க்கொண்டேதான் இருக்கும். நானும் எட்டாம் வகுப்பு வரை பாயை நனைத்தவன், எழுத வெட்கமில்லை. மாற்றுத்திறனாளிகள் 2016 சட்டத்தில் இந்த நோய் பட்டியலில் இருக்கிறது. அந்தச் சான்றிதழ் நகலையும் டாக்டர் சீட்டையும் தலைமையாசிரியரிடம் நேரில் கொடுங்கள். வகுப்பு வாத்தியாரிடம் வாயால் சொன்னால் மறந்துவிடுவார்.

மார்ச்சில் ரத்தம் எடுக்கப் போகும்போது மூத்திரத்தில் ஆல்புமினும் பார்க்கச் சொல்லுங்கள். கிரியேட்டினின் தாளை மட்டும் கையில் கொடுத்து நார்மல் என்று அனுப்பினால் வாங்கிக்கொண்டு வந்துவிடாதீர்கள். எனக்கு இலை லாரி வந்துவிட்டது, போகிறேன்.